நூறு கிராம்

அருமனைச் சந்தை தாண்டி மேலே ஏறும் சாலையில்
எனக்கு ரப்பர் ஷீட்டுக் கடை.
ஒட்டுப்பால் சாக்கின் நாற்றத்துக்கு
மூக்கு செத்துப் பதினாறு வருஷம்.
தரையோடு தரையாக ஒரு எலக்ட்ரானிக் தராசு.
எண்ணைப் படிக்க முட்டுக்குத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஜெபஷைனி
எட்டு நாள் பிள்ளையோடு வந்தாள்.
"மாமா, சும்மா ஒண்ணு தூக்கிப் பாருங்க."
பழைய பேப்பர் விரித்துக் கிடத்தினோம்.
இரண்டு எண்ணூறு.
காலையில்தான் நர்ஸ் அட்டையில் எழுதியது
இரண்டு தொள்ளாயிரம்.
"இவளுக்க நூறு கிராம் எங்க போச்சு?"
சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எதிர்க்கடை பீர்கண்ணிடம் படிக்கல் வாங்கி வைத்தேன்.
ஒரு கிலோவுக்குத் தொள்ளாயிரம்.
ஐந்து கிலோவுக்கு நாலு தொள்ளாயிரம்.
எதை வைத்தாலும்
நூறைத் தின்றுவிட்டுத்தான் தராசு பேசியது.

கூரை ஒழுகி அதைச் சுவரோரம் நகர்த்தினேனே,
அந்த ஆனி மாசத்திலிருந்தா?
எனக்குத் தெரியாது என்று சொல்லலாம்.
ஆனால்
மார்த்தாண்டம் குடோனில் சரக்கை இறக்கும்போதெல்லாம்
என் கணக்கைவிட நாலு கிலோ, ஐந்து கிலோ கூடுதல் வரும்.
காயக் காய ஷீட்டு எடை குறையும், கூடாது.
பால் எடுக்கிற சின்னப் பயலுக்கும் இது தெரியும்.
நான் அதை ஆசீர்வாதம் என்று வைத்துக்கொண்டேன்.
ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில்
"வியாபார விருத்திக்காக" என்று எழுதி
ஐந்நூறு போட்டேன்.
போதகர் பெயரைச் சொல்லி வாசித்தார்.
தங்கப்பனின் பதினெட்டுப் பதினெட்டு ரூபாய்களுக்காக
சபை முழுக்கத் தலைகுனிந்து நன்றி சொன்னது.

ராத்திரி நோட்டைத் திறந்தோம்.
லில்லிபாய் கூட்டிப் பார்த்துவிட்டு,
"அடுத்த மாசம் கிலோவுக்கு ஒரு ரூபா கூட்டிக் குடுப்போம்,
நாலுபேர் அறியண்டாம்" என்றாள்.
அந்த யோசனையின் மேல் தலைவைத்து
ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன்.
தங்கப்பன் எண்ணி வாங்கினான்.
"ஒமக்க தராசு நேரானதுன்னு சொல்லி
ஆறுபேரை நானாக்கும் கூட்டிட்டு வந்தேன்."
பிறகு பேசவில்லை.
ஓமனா கை நீட்டவில்லை.
"மகளுக்கு ஃபீஸு கெட்ட கடன் தந்தீங்கல்லா,
அதுல கழியட்டு."
அன்றைக்கு அவள் என்னைக் கும்பிட்டாள்.
அவளுடைய பணத்தைத்தான் அவளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறேன்.
வர்க்கீஸ் கேட்டது ஒன்றே ஒன்று:
"இது மட்டும்தானா?"
ரப்பர்க்காட்டில் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் நின்றேன்.

மிஞ்சியது வறுவேல், இருநூற்றுப் பதினாறு ரூபாய்.
புரட்டாசியில் செத்துப்போனான்.
பெண்டாட்டி பேச்சிப்பாறையில் தங்கை வீட்டில் என்றார்கள்.
"காணிக்கைப் பெட்டியில போட்டிரும்" என்றார் கமிட்டிச் செயலாளர்.
பெட்டியை எண்ணுகிற பொருளாளர் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிக்கும்போது
பஸ்ஸில் இருந்தேன்.
ஜன்னலில் எங்கள் கோயில் போனது,
வெள்ளைச் சேலைகள், ஓடுகிற பிள்ளைகள்,
என் இடத்தில் யாரோ காணிக்கைப்பையோடு.

செல்லக்கண் பணத்தை வாங்கி
முந்தானையில் முடிந்தாள். கணக்குக் கேட்கவில்லை.
"அவரு கொண்டுவாற ஷீட்டு
நல்ல ஷீட்டாட்டு இருக்குமா?" என்றாள்.
"முதல் தரம்" என்றேன்.
"புகை நல்லா பிடிச்சிருக்கும்,
ஒரு பொத்தல் இருக்காது."
இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னாள்.
அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டுச் சொன்னேன்.

திங்கட்கிழமை.
தராசைச் சரிபண்ணி முத்திரை வைத்தாயிற்று.
ஆனாலும் கடை திறந்ததும் படிக்கல்லை வைத்து
முட்டுக்குத்தி,
கண்ணை மூடாமல் பார்த்தேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.
இது இன்றைக்கு.
வெளியே தங்கப்பனின் சைக்கிள் நிற்கிறது.
இறக்கவா வேண்டாமா என்று
கட்டைப் பிடித்துக்கொண்டு அவனும் நிற்கிறான்.